கும்மிடிப்பூண்டியில் வீட்டு வரி ஏறினால் பள்ளிக்கூடம் மேம்படுமா?

திருவள்ளூர் மாவட்டத்தின் நகராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் 2022 ஏப்ரலில் சொத்து வரி ஏறியது. 2024-இல் இன்னொரு 6 சதவீதம். கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்த்து, சீட்டு எடுத்து, நகையை அடகு வைத்து இரண்டு அறை கட்டியவர்களுக்கு இது சின்னத் தொகை அல்ல. வரி கட்டிவிட்டு அவர்கள் கேட்கும் கேள்வி நியாயமானது: இந்தப் பணத்தில் எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு ஏதாவது போகிறதா? போகிறது என்றால் கழிப்பறைக் கதவு ஏன் உடைந்தே கிடக்கிறது?

சுருக்கமான பதில் இது. அரசுப் பள்ளியின் பெருஞ்செலவு உங்கள் வீட்டு வரியில் நடப்பதில்லை. ஆனால் பள்ளியின் சிறு செலவுகள் பல உள்ளூர்ப் பணத்தைத்தான் நம்பியிருக்கின்றன. சிப்காட் தொழிற்பேட்டை இருக்கும் ஊரில் அந்தச் சிறு செலவுகளுக்கான பணம் சிறு வீடுகளிலிருந்து வரவேண்டிய அவசியமே இல்லை. இதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பெருஞ்செலவு. ஒரு பள்ளியின் செலவில் மிகப் பெரிய பங்கு ஆசிரியர் சம்பளம். பெயர்ப்பலகையில் ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து, ஒன்றிய அலுவலகம்தான் சம்பளம் கொடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பெயர் பழைய ஏற்பாட்டின் மிச்சம். 1920-ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம், பள்ளி நடத்தும் பொறுப்பையும் அதற்காகக் கல்வி வரி போடும் அதிகாரத்தையும் உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது. பிற்காலத்தில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகள் ஊராட்சி ஒன்றியங்களின் கைக்கு வந்தன. 1981-இல் அந்தப் பள்ளிகளின் ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். அன்று முதல் சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது. பாடநூல், சீருடை, மிதிவண்டி, சத்துணவு, காலை உணவு எல்லாமே மாநில வரவு செலவுத் திட்டத்தில்தான். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022 ஜூன் 13 அன்று இதே மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தொடங்கியது. காலை உணவுத் திட்டம் கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிவானதும் இங்கேதான், 2024 ஜூலை 15 அன்று கீழச்சேரியில். இவற்றுக்கெல்லாம் அந்தந்த ஊர்க்காரர்களின் வீட்டு வரியிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்கவில்லை.

இந்த ஏற்பாட்டின் அருமை, வேறு நாட்டைப் பார்த்தால்தான் புரியும். அமெரிக்காவில் பள்ளிகள் பெருமளவுக்கு உள்ளூர்ச் சொத்து வரியில் நடப்பவை. வீடுகளின் விலை உயர்ந்த ஊரில் குறைந்த விகிதத்திலேயே நிறைய வரி சேரும், பள்ளியும் செழிக்கும். ஏழை ஊர் எவ்வளவு வரி போட்டாலும் பற்றாது. டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் எட்ஜ்வுட் என்ற ஏழைப் பகுதிப் பெற்றோர் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 1967-68 கணக்குப்படி எட்ஜ்வுட்காரர்கள் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். ஒரு மாணவருக்கு அதில் கிடைத்தது 26 டாலர். பக்கத்திலிருந்த வசதியான அலமோ ஹைட்ஸ் பகுதியில் வரி 0.85 டாலர்தான், மாணவருக்குக் கிடைத்ததோ 333 டாலர். அதிகம் வரி கட்டியவர்களின் பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளி. 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இதை அரசமைப்புச் சட்டம் தடுக்கவில்லை என்று 5-4 என்ற பெரும்பான்மையில் சொல்லிவிட்டது.

நம்மிடம் அப்படி இல்லை. ஆரம்பாக்கத்துப் பள்ளி ஆசிரியருக்கும் அண்ணாநகர்ப் பள்ளி ஆசிரியருக்கும் சம்பள விகிதம் ஒன்றே. ஏழை ஊர் என்பதற்காக ஆசிரியருக்குச் சம்பளம் குறைவதில்லை. இதை யாரும் விட்டுக்கொடுத்துவிடக் கூடாது. ‘உள்ளூர் வரியை உயர்த்தி உள்ளூர்ப் பள்ளியை நீங்களே நடத்திக்கொள்ளுங்கள்’ என்று நாளை யாராவது அழகாகப் பேசினால், எட்ஜ்வுட்டின் 26 டாலரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் உள்ளூர் வரிக்கும் பள்ளிக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது. நகராட்சி, மாநகராட்சிப் பகுதிகளில் சொத்து வரி ரசீதை விரித்துப் பார்த்தால் மொத்தத் தொகைக்குள் சில உட்பிரிவுகள் தெரியும். பொது வரி, குடிநீர் வடிகால், தெருவிளக்கு என்று போகும் பட்டியலில் கல்வி வரியும் ஒன்று. 1920 சட்டத்தின் வழியில் வந்தது அது. அதற்கு மேல் நூலக வரி, ரூபாய்க்கு 10 காசு. இந்தியாவிலேயே முதலில் வந்த பொது நூலகச் சட்டங்களில் ஒன்றான 1948-ஆம் ஆண்டின் மதராஸ் பொது நூலகச் சட்டம் அதற்கு அடிப்படை. ஊராட்சிகளின் வீட்டு வரி ரசீதிலும் நூலக வரி உண்டு. அது உள்ளாட்சியின் பணம் அல்ல. வசூலித்து மாவட்ட நூலக ஆணைக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டியது. ஒப்படைக்காமல் நிலுவை வைக்கிறார்கள் என்பது தமிழ்நாடெங்கும் கேட்கும் பழைய புகார்.

கல்வி வரிக்கு ஒரு பெருமையான கதையும் ஒரு வருத்தமான கதையும் உண்டு. சட்டம் வந்த அதே 1920-இல், பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு போடத் தொடங்கியது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவு. உள்ளாட்சிப் பணத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட அந்த முயற்சி 1925-இல் நின்றுபோனது. தொடக்கக் கல்வி நிதியை உணவுக்குச் செலவிட ஆங்கிலேய அரசு ஒப்புக்கொள்ளவில்லை. வரிப்பணம் இருந்தால் மட்டும் போதாது, அதை எதற்குச் செலவிடலாம் என்ற விதியும் சேர்ந்தே பிள்ளையின் தட்டைத் தீர்மானிக்கிறது.

வருத்தமான கதை அண்மைக் காலத்தது, நம் மாவட்டத்தைத் தொட்டது. அம்பத்தூர், திருவொற்றியூர், மணலி, மாதவரம், கத்திவாக்கம் பகுதிகள் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. அவை அப்போது திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த, தொழில் வளம் நிறைந்த ஊர்கள். சேர்ந்த பின் அந்த மக்களும் ஆலைகளும் மாநகராட்சிக்கு வரி கட்டினார்கள். ஆனால் இணைந்த பகுதிகளின் அரசுப் பள்ளிகள் பத்தாண்டுக்கும் மேலாக மாநகராட்சியின் கைக்கு வரவில்லை. 139 பள்ளிகளும் மாற்றப்பட்ட பிறகுதான் மாநகராட்சிப் பள்ளிகளின் எண்ணிக்கை 281-லிருந்து 420 ஆனது. இடைப்பட்ட ஆண்டுகளில் கல்வி வரி ஓரிடம் போனது, பள்ளி வேறோரிடம் இருந்தது. ஊர்களைத் தரம் உயர்த்தும்போதும் இணைக்கும்போதும் இந்தக் கேள்வியை முதலிலேயே கேட்க வேண்டும். பொன்னேரியும் திருநின்றவூரும் 2021-இல் நகராட்சிகளாகத் தரம் உயர்ந்தவை. நகராட்சி ஆனால் வரி மாறும். பள்ளிக்கு என்ன மாறும் என்பதை அந்த ஊர்க்காரர்களுக்கு எழுத்தில் சொல்வதுதான் நேர்மை.

இனி 2022 உயர்வைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னை மாநகராட்சி தவிர்த்த நகர்ப்புறங்களில் 600 சதுர அடிக்குள் இருக்கும் குடியிருப்புக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். கடைகளுக்கு 100. தொழிற்சாலைகளுக்கும் சுயநிதிப் பள்ளி, கல்லூரிகளுக்கும் 75. பல ஆண்டுகள் தொடாமல் வைத்திருந்து ஒரேயடியாகப் போட்டதால்தான் இத்தனை வலி. சென்னையில் கடைசியாக முழுச் சீராய்வு நடந்தது 1998-இல், மற்ற ஊர்களில் 2008-இல். 2018-இல் உயர்த்திவிட்டு 2019-இல் நிறுத்தி வைத்தார்கள். அதற்குள் 15-ஆவது நிதிக்குழு, சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவித்து, மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக வசூலையும் உயர்த்தினால்தான் நகர உள்ளாட்சிகளுக்கு மானியம் என்று நிபந்தனை போட்டுவிட்டது. ஆண்டுக்கு 6 சதவீதம் என்ற கணக்கும் அந்த வழியில் வந்ததுதான். 6 சதவீதம் சின்னதாகத் தெரியும். ஆண்டுதோறும் விடாமல் ஏறினால் பன்னிரண்டு ஆண்டில் வரி இரட்டிப்பாகிவிடும்.

ஓர் உதாரணம் பார்க்கலாம், எண்கள் கற்பனை. 560 சதுர அடி வீட்டுக்கு முன்பு அரையாண்டு வரி 300 ரூபாய் என்று வையுங்கள். 25 சதவீதம் ஏறி 375. அதன் மேல் 6 சதவீதம் சேர்ந்து 397 ரூபாய் 50 காசு. ஆண்டுக்கு 600 கட்டியவர் இப்போது 795 கட்டுகிறார், கூடுதல் 195 ரூபாய். 1,100 சதுர அடி வீட்டுக்கு அரையாண்டுக்கு 800 என்றால் அது 1,272 ஆகிறது, ஆண்டுக்குக் கூடுதல் 944 ரூபாய். ஒரு தொழிற்சாலைக் கொட்டகைக்கு அரையாண்டு வரி ஒரு லட்சம் என்றால் அது 1,85,500 ஆகிறது, ஆண்டுக்குக் கூடுதல் 1,71,000 ரூபாய். ஒரே ஒரு கொட்டகையில் கிடைக்கும் கூடுதல் வரி, அந்த 560 சதுர அடி வீட்டைப் போல் சுமார் 877 வீடுகளின் கூடுதல் வரிக்குச் சமம்.

இன்னொரு கணக்கும் முக்கியம். அந்தக் கொட்டகையின் பரப்பைப் பத்தில் ஒரு பங்கு குறைத்து அளந்திருந்தால், உள்ளாட்சி ஆண்டுக்கு இழப்பது 37,100 ரூபாய். ஏறக்குறைய 47 சிறு வீடுகள் ஆண்டு முழுக்கக் கட்டும் மொத்த வரி அது. சிறு வீட்டின் விகிதத்தை உயர்த்துவது எளிது. ஓர் உத்தரவு போதும். ஆலை வாசலுக்குப் போய் டேப் பிடித்து அளப்பது கடினம். கடினமான வேலையைச் செய்யாமல் எளிதானதை மட்டும் செய்தால், சுமை எங்கே போய் உட்காரும் என்று சொல்லத் தேவையில்லை.

கும்மிடிப்பூண்டியின் அமைப்பையும் இங்கே புரிந்துகொள்ள வேண்டும். ஊர் பேரூராட்சி. ஆனால் சிப்காட் வளாகமும் அதைச் சுற்றிய ஆலைகளும் பாப்பன்குப்பம், சிறுபுழல்பேட்டை, புதுகும்மிடிப்பூண்டி, பெத்திக்குப்பம் என்று கிராமங்கள் மேல் பரந்து கிடக்கின்றன. மேலே சொன்ன 2022 விகிதங்கள் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கானவை. ஊராட்சிகளில் வீட்டு வரி 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் வருகிறது. தளப்பரப்பையும், கூரையா ஓடா கான்கிரீட்டா என்பதையும் வைத்துப் போடும் தொகை பெரும்பாலும் சிறியது. ஆக, சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு வரி, அந்தப் பக்கம் ஒரு வரி. பிள்ளைகள் மட்டும் ஒரே மேல்நிலைப் பள்ளிக்குப் போகிறார்கள்.

ஆலை இருப்பதால் ஊருக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்விக்கும் இங்கே பதில் உண்டு. இரும்பு உருக்கி விற்கும் ஆலை கட்டும் ஜி.எஸ்.டி. அந்த ஊராட்சிக்கு வராது. அந்த வரி, பொருள் எங்கே நுகரப்படுகிறதோ அந்த மாநிலத்துக்கும் ஒன்றிய அரசுக்கும் போகிறது. இரும்பு கேரளத்துக்குப் போனால் மாநிலப் பங்கும் கேரளத்துக்கே. வருமான வரி டெல்லிக்கு. புகை, லாரி, தூசு, நிலத்தடி நீர் மேலான அழுத்தம் ஆகியவை மட்டும் ஊரிலேயே தங்குகின்றன. ஆலையால் உள்ளாட்சிக்கு நேரே வரக்கூடியவை முக்கியமாக இரண்டு: கட்டடத்தின் மேல் வரி, தொழிலாளர்களின் தொழில் வரி. நிலம் கைமாறும்போது முத்திரைத் தீர்வையோடு சேர்த்து வசூலாகும் கூடுதல் தீர்வையில் பங்கு வருவது தனி.

கட்டட வரியில் ஓர் ஓட்டை இயல்பாகவே இருக்கிறது. வரி கட்டடத்துக்குத்தான், உள்ளே ஓடும் உலைக்கோ இயந்திரத்துக்கோ அல்ல. கோடிக்கணக்கில் முதலீடு போட்ட ஆலையும் தகரக் கொட்டகை என்றே வரிப் புத்தகத்தில் நிற்கும். முதலில் அளந்த பின் எழுப்பிய கிடங்கு, தொழிலாளர் தங்குமிடம், எடைமேடை அறை எல்லாம் புத்தகத்தில் ஏறியிருக்கின்றனவா என்பதை யாராவது போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

தொழில் வரி பற்றியும் ஒரு வார்த்தை. அரசமைப்புச் சட்டத்தின் 276-ஆவது பிரிவு இதற்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. 1988-இல் 250-லிருந்து 2,500 ஆக உயர்த்தியது அது. அதன்பின் அசையவில்லை. கீழே, அரையாண்டு வருமானம் 21,000 ரூபாயைத் தாண்டினாலே வரி உண்டு. மாதத்துக்கு 3,500 என்றால் உலையடியில் நிற்கும் தொழிலாளி எவரும் தப்ப முடியாது. மேலே, லட்சங்களில் சம்பளம் வாங்கும் மேலாளரும் 2,500-க்கு மேல் கட்ட வேண்டியதில்லை. இந்த வரம்பை மாற்ற நாடாளுமன்றம்தான் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டும். உள்ளாட்சியால் முடிவது வேறு: ஆலைகளில் வேலை செய்யும் கான்ட்ராக்ட் தொழிலாளர்களின் தொழில் வரி அந்த ஊர்க் கணக்கில்தான் சேர்கிறதா, ஒப்பந்தக்காரரின் தலைமை அலுவலகம் இருக்கும் வேறு ஊருக்குப் போய்விடுகிறதா என்று சரிபார்ப்பது.

இவ்வளவு பணக் கணக்குக்கும் வகுப்பறைக்கும் என்ன சம்பந்தம்? மாநிலம் கொடுக்கும் ஆசிரியர் பள்ளிக்கு வந்துவிடுகிறார், பாடநூலும் வந்துவிடுகிறது. வராமல் நிற்பது மற்றவை. கழிப்பறையைக் கழுவும் தூய்மைப் பணியாளருக்குக் கிராமப்புறப் பள்ளிகளில் மிகக் குறைந்த தொகுப்பூதியம். அந்தக் காசுக்கு ஒருவர் இரண்டு மூன்று பள்ளிகளைப் பார்த்தால்தான் அடுப்பெரியும். அவர் வராத நாளில் கழிப்பறை பூட்டிக் கிடக்கும். பூட்டிக் கிடந்தால் ஏழாம் வகுப்புப் பெண் மாதத்தில் சில நாட்கள் பள்ளிக்கு வரமாட்டாள். கற்றல் குறைவு என்று பிறகு எழுதப்படும் அறிக்கையின் வேர் அந்தப் பூட்டில் இருக்கும். சுற்றுச்சுவர், மோட்டார், குழாய், ஒழுகும் கூரை, இரவில் மது அருந்துவோர் நுழையாமல் தடுக்கும் ஒரு கேட் எல்லாம் இந்த வகைச் செலவுதான்.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுக்கு ஒரு பராமரிப்பு மானியம் உண்டு. 30 மாணவர் வரை இருந்தால் 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000. சுண்ணாம்பு அடித்து, சாக்பீஸ் வாங்கி, மின்விசிறி பழுது பார்த்தாலே தீர்ந்துவிடும் தொகை. பி.எம். ஸ்ரீ என்ற ஒன்றிய அரசுத் திட்டத்தில் சேராததைக் காரணமாக்கி, 2024-25-இல் இந்தக் கல்வித் திட்டத்துக்காகத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய ஏறத்தாழ 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. மேலே இருவர் சண்டையிட்டால் கீழே பள்ளியின் குழாய்தான் முதலில் வறளும். உள்ளூரில் சிறிதளவாவது சொந்தப் பணம் இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

இந்தச் சிறு குறைகளைப் பார்த்துத்தான் பெற்றோர் வேறு முடிவெடுக்கிறார்கள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மெட்ரிக் பள்ளியில் சேர்க்கிறார்கள். ஆயிரம் ரூபாய்க்கும் குறைவான ஆண்டு வரி உயர்ந்ததற்கு முனகும் அதே வீடு, கட்டணம், வேன், புத்தகம் என்று பல்லாயிரம் ரூபாயை அங்கே கொடுக்கிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையின் எதிர்காலத்தை வைத்து யாரும் சோதனை செய்யமாட்டார்கள். ஆனால் இதன் விளைவு விடப்பட்ட பள்ளியில் தெரிகிறது. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். பிள்ளைகள் குறையக் குறைய ஆசிரியர் பணியிடமும் குறைகிறது, அதைப் பார்த்து இன்னும் சில பிள்ளைகள் போகிறார்கள். சுயநிதிப் பள்ளியின் கட்டட வரியும் 75 சதவீதம் ஏறியது என்பதை மறக்க வேண்டாம். அது கட்டணத்தோடு சேர்ந்து அதே பெற்றோரிடம் வந்து நிற்கும்.

சொத்து வரி ரசீதே இல்லாத பெற்றோரும் இந்தப் பகுதியில் ஏராளம். கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமின் குடும்பங்கள், சிப்காட்டைச் சுற்றிய லைன் வீடுகளில் தங்கும் பீகார், ஒடிசா, அசாம் தொழிலாளர்கள், செங்கற்சூளைகளுக்குப் பருவத்துக்கு வந்துபோகும் ஒடியாக் குடும்பங்கள். ‘வரி கட்டுபவர்களுக்குத்தான் வசதி’ என்று பேசும் வாதம் இவர்களைத் தள்ளிவிடும். அந்த வாதம் அநியாயமானது மட்டுமல்ல, உண்மையும் அல்ல. லைன் வீட்டுக்காரர் கட்டும் வாடகைக்குள் உரிமையாளரின் வரி இருக்கிறது. ரசீது அவர் பெயரில் இல்லை, அவ்வளவுதான். சிறு அறைகள் பலவற்றைக் கட்டி வாடகைக்கு விடுபவர், ஒவ்வொன்றுக்கும் தனி வரி எண் வாங்கியிருந்தால் குறைந்த 25 சதவீத உயர்விலேயே தப்பிவிடலாம். அப்பா விட்டுச்சென்ற 1,300 சதுர அடி பழைய வீட்டில் தனியாக இருக்கும் மூதாட்டிக்கோ 75 சதவீதம். பரப்பை மட்டும் பார்த்து வருமானத்தைப் பார்க்காத எந்த அடுக்குமுறையிலும் இந்த அநீதி இருக்கும். தனியாக வசிக்கும் முதியோருக்கும், ஓய்வூதியம் மட்டுமே வருமானமாக உள்ளவர்களுக்கும் விலக்கு விதி தேவை.

கம்பெனிகள் சமூகப் பொறுப்பு நிதி கொடுக்கின்றனவே என்று கேட்கலாம். கொடுக்கட்டும், வாங்கிக்கொள்வோம். 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ அதற்கு ஒரு வழி. ஆனால் 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி ஆண்டு நிகர லாபம் 5 கோடி, விற்பனை 1,000 கோடி, நிகர மதிப்பு 500 கோடி ஆகிய மூன்றில் ஒன்றையாவது எட்டிய நிறுவனத்துக்குத்தான் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிடும் கடமை. வரம்புக்குக் கீழே உள்ள உருக்காலைக்கு அது இல்லை. கடமை உள்ளவர்களும் எந்தப் பள்ளிக்கு, எதற்கு என்பதைத் தாங்களே முடிவு செய்வார்கள். ஸ்மார்ட் போர்டு கிடைக்கும், தூய்மைப் பணியாளரின் மாதச் சம்பளம் கிடைக்காது. நன்கொடை வந்தால் நன்றி சொல்கிறோம். வரி என்பது கேட்டு வாங்கும் உரிமை. தேர்வாய் கண்டிகை மக்கள் தங்கள் மேய்ச்சல் நிலம் சிப்காட்டுக்குப் போவதை எதிர்த்து நெடுநாள் போராடினார்கள். பொதுநிலத்தை இழந்த ஊருக்கு ஆலையின் வரி தயவு அல்ல, பாக்கி.

சரி, ஒரு சாதாரணப் பெற்றோரால் என்ன செய்ய முடியும்? கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் இடமுண்டு. இந்தக் குழு ‘கழிப்பறைக்குத் தண்ணீர் இணைப்பு, இவ்வளவு ரூபாய்’ என்று தீர்மானம் போட்டு, அதைக் கிராம சபையில் வைக்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்கள் கிராம சபை கூடும். தலைமை ஆசிரியர் வாய்மொழியாகக் கேட்பதைவிட, கிராம சபைத் தீர்மானத்தை வட்டார வளர்ச்சி அலுவலர் தள்ளிவிடுவது கடினம்.

திருவள்ளூர் மாவட்டக் கிராம ஊராட்சிகளில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். வரி போடுவதும் செலவிடுவதும் தேர்ந்தெடுக்கப்படாதவர் கையில் இருக்கும் காலத்தில், கிராம சபையில் கேட்கும் கேள்விக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. கேட்கும் துணிவு எல்லோருக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை என்பதையும் அறிவேன். கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தின் ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவராக இருந்த பட்டியலினப் பெண் 2020 சுதந்திர தினத்தில் கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார். செய்தி பரவி, மாவட்ட ஆட்சியர் நேரில் வந்த பிறகே அவரால் ஏற்ற முடிந்தது. தலைவருக்கே அந்த நிலை என்றால், காலனியிலிருந்து வரும் ஒரு தாய் கணக்குக் கேட்பது எவ்வளவு பெரிய காரியம்! அவர் பக்கத்தில் இன்னும் பத்துப் பேர் எழுந்து நிற்க வேண்டும்.

அப்படி நிற்பவர்கள் கேட்க வேண்டியவை மிகவும் எளியவை. நம் எல்லைக்குள் எத்தனை ஆலை, கிடங்குக் கட்டடங்கள் வரிப் புத்தகத்தில் உள்ளன, கடைசியாக எப்போது அளந்தார்கள்? சென்ற ஆண்டு தொழில் வரி எவ்வளவு வந்தது, எந்தெந்த நிறுவனத்திடமிருந்து? நகரப் பகுதி என்றால், கல்வி வரியாக வசூலான தொகை எவ்வளவு, அதில் எந்தப் பள்ளிக்கு எவ்வளவு செலவானது? பதிலைப் பள்ளிச் சுவரிலும் அலுவலகப் பலகையிலும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். வாய்ப்பதில் போதாது என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போதும்.

அரசிடம் ஒரு வேண்டுகோள். கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை, பொன்னேரி வட்டாரத்தின் ஆலைகளையும் கிடங்குகளையும் ஒரு முறை முழுமையாக அளந்து, வரிப் புத்தகத்தைப் பொதுப் பார்வைக்கு வையுங்கள். அதில் கூடும் வருவாயின் ஒரு பங்கை அந்தந்தப் பகுதிப் பள்ளிகளின் தூய்மைப் பணியாளர் ஊதியத்துக்கும் கட்டடப் பராமரிப்புக்கும் என்று சட்டப்படி ஒதுக்குங்கள். அந்த வேலை முடியும் வரை 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளின் வரியைத் தொடாதீர்கள்.